கோழிப்பண்ணைக்குப் பின்னால் ஓர் அடர்ந்த காடு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படப்பிடிப்புக்கு நர்சாகப் போனால் உங்களை எல்லோரும் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண் பிள்ளைகளாக இருந்தால் ‘டாக்டர்’ என்பார்கள்; நர்சிங் படித்தவன் என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் வாங்க மாட்டார்கள். என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்துவிட்டு ஒரு லைட்மேன் என்னை நிஜமான கன்னியாஸ்திரி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நான் வரும்போதெல்லாம் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நிற்பார். ஒருநாள் என் வீட்டுக்காரரும் இரண்டு மகள்களும் என்னைப் பார்க்க அங்கே வந்தார்கள். அந்த மனிதருக்கு வந்த அதிர்ச்சிக்கு நான்தான் முதலுதவி செய்ய வேண்டியிருந்தது.

சேலத்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கியபின் இந்தத் தொழிலுக்கு வந்தவள் நான். காட்டில் பிழைத்துக் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குக் கூடவே போகிற நர்ஸ். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் அதையும் விட்டாயிற்று. கட்டுப் போடுவதும் ட்ரிப் ஏற்றுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது எப்போது உள்ளே நுழைவது என்பது. அதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தந்தால் எந்தத் தயாரிப்பாளரும் உங்களை வேலைக்கு எடுக்கவும் மாட்டார்.

இந்தத் தொழிலில் எனக்கு ஆசான் என்று சொன்னால் அது ஓர் ஒலிப்பதிவாளர். பெயர் வேண்டாம், கூச்சப்படுவார். என்னைவிடச் சின்னவர்தான். முதல் வாரமே ஒரு ஹெட்ஃபோனைக் கையில் கொடுத்து, “சிஸ்டர், இங்க இருக்கிறவங்க எல்லாருமே பார்க்கிறவங்களுக்காக ஏதாவது பண்ணிட்டே இருப்பாங்க. மூஞ்சியைப் பார்த்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. மைக் சட்டைக்குள்ள இருக்குது. மூச்சைக் கேளுங்க” என்றார். அன்றிலிருந்து போட்டியாளர்கள் முணுமுணுப்பது, ஏப்பம் விடுவது, ரகசியமாக அழுவது எல்லாவற்றையும் நான் கேட்டிருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஏப்பங்களைப் பற்றி மட்டும் என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் சொல்லப்போகிற நிகழ்ச்சி ராசிபுரத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில் ஒரு கரட்டில் நடந்தது. எங்கள் பக்கத்தில் கரடு என்றால் பாறையும் முள்ளுமாக நிற்கிற குட்டி மலை. வெயில் காலத்தில் அதன்மேல் ஓணான்கூட யோசித்துத்தான் ஏறும். அதைத்தான் ‘மனிதக் காலடி படாத அடர்ந்த காடு’ என்று அறிவித்தார்கள். ஆறு போட்டியாளர்களைச் சேலத்தில் ஜன்னல் அடைத்த வேனில் ஏற்றி, ஆத்தூர் பக்கமெல்லாம் சுற்றோ சுற்று என்று சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். கரட்டின் ஒரு பக்கத்தில் பெரிய கோழிப்பண்ணை ஒன்று இருந்தது. அது தெரியாமல் இருக்கப் பச்சை வலையைக் கட்டி, வலைமேல் தழையைச் செருகியிருந்தார்கள். கண்ணை மறைத்தார்களே தவிர மூக்கை மறைக்க முடியவில்லை. காற்று திரும்பினால் கோழி எருவின் வாடை ஆளைத் தூக்கும்.

முதல் நாளே ரிஷி மூக்கை உறிஞ்சினான். சென்னையில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருப்பவன். புஜம் இரண்டும் தேங்காய் மாதிரி இருக்கும். கேமராவைப் பார்த்து, “பக்கத்துல ஏதோ பெரிய மிருகம் இருக்கு. வாடை அடிக்குது” என்றான். இயக்குநருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தொப்பி போட்ட இளைஞர் அவர். அந்த வசனத்தை மூன்று கோணத்தில் எடுத்தார்.

கந்தவேல் என்பவர் மட்டும் தண்ணீர் வாங்க வருகிற சாக்கில் என்னிடம் வந்து, “சிஸ்டர், இது கோழி எருதானுங்களே? எங்கூர்ல தோட்டத்துக்கு லோடு லோடா எறக்குவாங்க” என்றார்.

“உங்களுக்கு எந்த ஊர்?”

“ஆட்டையாம்பட்டிங்க. அதா, இப்ப ஹாரன் அடிச்சுட்டுப் போனது ராசிபுரம் பஸ்ஸுங்க.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலை” என்றேன்.

“செரிங்க. அப்ப எனக்கும் கேக்கலைங்க” என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

கந்தவேல் மிமிக்ரி கலைஞர். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கடைத் திறப்பு என்று மேடை மேடையாக ஏறிப் பிழைப்பவர். வீட்டில் கைக்குழந்தை. இந்த நிகழ்ச்சியில் ஜெயித்தால் பெரிய மேடை கிடைக்கும் என்ற ஆசையில் வந்திருந்தார். எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே திருப்பித் தருவார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஜோக் சொன்னால் உடனே கடைக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பார். யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று கணக்கெடுக்கிற பார்வை. சிரிக்காதவர் பக்கம் திரும்பி இன்னொன்று விடுவார்.

ரிஷியின் கள்ளிக் கதையைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு நஷ்டம். ஏதோ வெளிநாட்டுப் பாலைவனத்தில் ஒருவன் செடியை வெட்டித் தண்ணீர் குடிக்கிற வீடியோவை அவன் பார்த்திருக்கிறான். கரட்டில் நின்ற திருகுகள்ளியைப் பார்த்ததும் அவனுக்குள் இருந்த வீரன் விழித்துக்கொண்டான். “இதுக்குள்ள தண்ணி ஸ்டோர் ஆகியிருக்கும்” என்று கேமராவுக்கு வகுப்பு எடுத்தபடி அரிவாளை ஓங்கி ஒரு வெட்டு. கள்ளிப்பால் நேராகக் கண்ணில் தெறித்தது. அவன் போட்ட அலறலில், வலைக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான கோழிகள் ஒன்றாகச் சேர்ந்து கொக்கரித்தன. ‘காட்டுப் பறவைகள் எச்சரிக்கின்றன’ என்று பிறகு அதற்கும் பின்னணிக் குரல் போட்டார்கள். குடிதண்ணீர் கேன்களை எல்லாம் அவன் கண்ணிலேயே காலி செய்தேன். அப்புறம் கண் மருத்துவரிடம் அனுப்பினேன். பார்வைக்குச் சேதமில்லை. இரண்டு நாள் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தான். அதன்பிறகு எந்தச் செடியைத் தொடுவதற்கு முன்பும் தூரத்தில் இருந்தே என்னைப் பார்ப்பான். நான் தலையாட்டினால்தான் தொடுவான். வீடியோ பார்த்து வருகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள். அவர்கள் ஒரு தடவை பயந்துவிட்டால் நமக்குக் கிடைக்கிற மிக ஒழுங்கான ஆட்கள் அவர்கள்தான்.

பிரச்சினை வந்தது வேறு இடத்திலிருந்து. இயக்குநருக்கு ஒரு யோசனை உதித்தது. பெயர் ‘தாகத் தவம்’. ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் கட்டிவிடுவது. கரட்டின் மேலே கல் சுமந்து போய் அடுக்க வேண்டும். பாட்டிலைத் திறந்து குடித்தவர் அந்தச் சுற்றை விட்டு விலக வேண்டும். கடைசிவரை குடிக்காதவர் நேராக இறுதிச் சுற்றுக்குப் போகலாம்.

“சார், இது கத்திரி வெயில்” என்றேன்.

“தாகம் எடுத்தா குடிச்சுடப் போறாங்க சிஸ்டர். யாரும் அவங்க கையைக் கட்டலையே?”

“பரிசுன்னு ஒண்ணை வெச்சுட்டீங்கன்னா கையைக் கட்டின மாதிரிதான் சார்.”

அவர் சிரித்தார். “நீங்க பாருங்க. ஏதாச்சும்னா எனக்குச் சொல்லுங்க. நான் கட் சொல்றேன். ஆனா தயவுசெஞ்சு ஃப்ரேமுக்குள்ள மட்டும் வந்துடாதீங்க. போன தடவை ஒரு நல்ல அழுகையை நீங்க பிரஷர் மிஷினோட வந்து கெடுத்துட்டீங்க.”

போட்டி ஆரம்பித்தது. முதலில் பாட்டிலைத் திறந்தவன் யார் தெரியுமா? ரிஷி. கரட்டில் பாதிகூட ஏறவில்லை, உட்கார்ந்து முழு பாட்டிலையும் குடித்துவிட்டு, “எனக்கு வேணாம் சிஸ்டர், நான் கள்ளியோட கத்துக்கிட்டேன்” என்றான். அந்த ஆறு பேரில் அன்று புத்தியோடு நடந்தவன் அவன் ஒருவன்தான். ஒவ்வொருவராக விலகினார்கள். கடைசியில் கந்தவேலும், நெடுந்தொடரில் வில்லியாக நடிக்கிற ஒரு பெண்ணும் மட்டும் மிஞ்சினார்கள். அந்தப் பெண்ணும் ஒரு கட்டத்தில், “போங்கடா நீங்களும் உங்க தவமும்” என்று பாட்டிலைத் தலையில் கொட்டிக்கொண்டு மிச்சத்தைக் குடித்தாள்.

கந்தவேல் ஜெயித்துவிட்டார். இயக்குநர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கழுத்தில் பாட்டில் தொங்கிக்கொண்டே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. ஒரு பாறைக்கு முன்னால் போய் நின்று, கண்டக்டர் குரலில் ஆரம்பித்தார்.

“ராசிபுரம், ராசிபுரம்! உள்ள போங்க, உள்ள போங்க! படியில நிக்காதீங்க! ஏனுங்கம்மா, கோழிக்கு டிக்கெட் வாங்குனீங்களா?”

மொத்தக் குழுவும் சிரிப்பில் குலுங்கியது. கேமராமேன் கேமராவைப் பிடிக்க முடியாமல் தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஊர் பேரை எடிட்ல தூக்கிடலாம், நிறுத்தாதீங்க, ஓடட்டும்!” என்றார் இயக்குநர். பாறைக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார் கந்தவேல். பக்கத்தில் நின்ற முள்மரத்திடம் சில்லறை இல்லை என்று சண்டை போட்டார். பிறகு கட்சிப் பேச்சாளர் குரலில் அந்த மரத்திடமே ஓட்டுக் கேட்டார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவு சுத்தமான குரல்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே காதில் ஏதோ உறுத்தியது. ஹெட்ஃபோனில் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு, ஓடி இளைத்த நாயினுடையதைப் போல் கேட்டது. அவர் கல்லைக் கீழே வைத்து நேரமாகிவிட்டது. நின்ற இடத்தில் நிற்கிறவருக்கு ஏன் இப்படி இரைக்கிறது? நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை பேர் சிரிக்கிறார்கள், அவர் ஒரு தடவைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கடைக்கண் பார்வை இல்லை. யாரும் பார்க்காவிட்டாலும் அவர் அதையேதான் செய்துகொண்டிருப்பார் என்று தோன்றியது.

“சார், கட் சொல்லுங்க” என்றேன்.

“ஒரு நிமிஷம் சிஸ்டர், இது தங்கம்!”

தங்கம் என்ற சொல் முடிவதற்குள் நான் உள்ளே இருந்தேன். எப்படி ஓடினேன் என்று தெரியாது. கையைத் தூக்கி, “நிறுத்துங்க! யாரும் சிரிக்காதீங்க! இது நடிப்பு இல்ல!” என்று கத்தினேன். சிரிப்பு இரண்டு மடங்கானது. நானும் நிகழ்ச்சியில் ஓர் அங்கம் என்று நினைத்துவிட்டார்கள்.

அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன். தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. “கந்தவேல், நான் யாரு?”

“டிக்கெட் எடுத்தாச்சா?” என்றார். கண் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. கால் துவண்டு என்மேல் சாய்ந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் சட்டை வியர்வையில் நனைந்து பிழியும்படி இருந்தது. வியர்வை நின்று தோல் காய்ந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று காத்திருக்காதீர்கள். வெயிலில் வேலை செய்து விழுகிறவனுக்கு வியர்க்கத்தான் செய்யும். அக்குளில் வைக்கிற தெர்மாமீட்டரையும் நம்பி உட்காராதீர்கள். உடம்பு கொதித்து, புத்தி தடம் மாறினால் போதும். முதலில் குளிர வையுங்கள், பிறகு கொண்டுபோங்கள்.

அதற்குள் வில்லி நடிகை ஓடிவந்து அவர் வாயில் தண்ணீர் ஊற்றப் போனாள். நல்ல மனசுதான். நான் பாட்டிலைத் தட்டிவிட்டேன். சுயநினைவு இல்லாதவன் வாயில் ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். “ஆம்புலன்ஸ் எங்கே?” என்று கேட்டேன். ட்ரோன் படத்தில் தெரிகிறதென்று அதைக் கரட்டின் அந்தப் பக்கம், சுற்றி வருகிற மண்பாதையின் கடைசியில் நிறுத்தியிருந்தார்கள்.

“வந்துட்டு இருக்கு சிஸ்டர். அதுவரைக்கும் நிழல்ல படுக்க வைங்க” என்றார் இயக்குநர். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

நிழலா? அந்தக் கரட்டில் நிழல் என்பது குடை பிடித்தால் வருவது. வாடை அடித்த திசையைக் கையால் காட்டினேன். “அந்த வலையைக் கிழிங்க. கோழிப்பண்ணைக்குத் தூக்குங்க.”

“சிஸ்டர், மத்த போட்டியாளருங்க எல்லாம் பார்த்துட்டு...”

“பார்க்கட்டும் சார்!”

ரிஷி கந்தவேலைத் தோளில் போட்டுக்கொண்டான். ஒலிப்பதிவாளர் கத்தியால் வலையை மேலிருந்து கீழாகக் கிழித்தார். அந்தச் சரிவில் முள்ளிலும் கல்லிலும் ஒரு தடவைகூடத் தடுமாறாமல் ரிஷி இறங்கினான். அந்தப் புஜங்களை நான் எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன். அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

பண்ணை வாசலில் ஓர் அம்மா இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றார். சரசு என்று பெயர் என்பது பிறகு தெரிந்தது. பண்ணைக்குச் சொந்தக்காரர்.

“ஏனுங்க, யாருங்க நீங்க? கும்பலா உள்ள வந்தா கோழி மெரண்டு போயிருமுங்க! முட்டை வுடாது!” என்றவர், ரிஷியின் தோளில் தொங்கிய தலையைப் பார்த்தார். “ஐயோ சாமி! இங்க, இங்க, வேப்பமரத்தடித் தொட்டிக்குக் கொண்டாங்க!”

ரிஷி பாய்ந்தான்.

“இருங்க! காலை அந்த மருந்துத் தண்ணில நனைச்சுட்டு வாங்க! அல்லாரும்!”

வெளியிலிருந்து நோய் உள்ளே போகாமல் இருக்கப் பண்ணை வாசலில் மருந்து கலந்த தண்ணீர் கட்டி வைத்திருப்பார்கள். ஒருவன் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது, நாங்கள் வரிசையாக நின்று ஒவ்வொரு காலாக நனைத்துக்கொண்டு உள்ளே போனோம். அவர் சொன்ன விதத்தில் யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

கந்தவேலைத் தொட்டியில் மார்பளவுக்கு இறக்கினோம். தலையை நான் பிடித்துக்கொண்டேன். “ஐஸ் இருக்குதுங்களா?” என்று கேட்டதும் கோழித் தடுப்பூசிப் பெட்டியிலிருந்து ஐஸ் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு வந்தார் சரசு. துணியில் சுற்றி அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தேன். அடுத்து ஒரு டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். “அம்மா, தண்ணிகிட்ட கரண்ட் வேணாம்!” என்று அலறினேன். உடனே முட்டை அட்டைகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். வில்லி நடிகையும் ரிஷியும் இரண்டு பக்கமும் நின்று வீசினார்கள். தெரிந்த ஜெபத்தையெல்லாம் நான் மனசுக்குள் கலந்து சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தி அடுத்ததுக்குத் தாவினேன், எதுவும் முழுசாக வரவில்லை. கந்தவேல் மனைவியின் முகம் எனக்குத் தெரியாது. தெரியாத அந்த முகத்துக்குப் பதில் சொல்வதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கந்தவேல் ஒரு தடவை வாந்தி எடுத்தார். பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தேன். இன்னும் கொஞ்சம் போனதும் உடம்பு சிலிர்த்தது. கண் திறந்து சுற்றிப் பார்த்தார். ஆயிரக்கணக்கான கோழிகள் கொக்கரித்துக்கொண்டிருந்தன.

“அது என்னங்க சத்தம்?”

“கோழி.”

யோசித்தார். “காட்டுக் கோழிங்களா?”

“இல்ல சாமி, நாமக்கல் கோழி” என்றார் சரசு.

ரிஷி முட்டை அட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது.

இயக்குநர் அப்போதுதான் வாசலுக்கு வந்து சேர்ந்தார். காலை நனைக்காமல் உள்ளே வரப் பார்த்தவரைச் சரசு அங்கேயே நிறுத்திவிட்டார். அவர் நனைக்கவும் இல்லை, போகவும் இல்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். “நடிக்கிறாருன்னு நினைச்சேன் சிஸ்டர். சத்தியமா நடிக்கிறாருன்னுதான் நினைச்சேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் பெரிய மகள் வயசுதான் இருக்கும் அவருக்கு. திட்டுவதற்கென்று நிறைய எடுத்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும், “ஆம்புலன்ஸை ரோட்டுப் பக்கமா வரச் சொல்லுங்க” என்று மட்டும் சொன்னேன்.

கந்தவேலைச் சேலத்து மருத்துவமனையில் சில நாள் வைத்திருந்தார்கள். சிறுநீரகம் தப்பியது. புத்தியும் தெளிவாகத் திரும்பியது. கந்தவேல் இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. ரிஷி ஜெயித்தான். வலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிட்டதால், பட்டினிச் சுற்றில் தினமும் விடிகாலையில் அவன் சரசு வீட்டு ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாட்சிக்கு, ஹெட்ஃபோனில் நான் கேட்ட அவன் ஏப்பங்கள் இருக்கின்றன.

ஒளிபரப்பில் இதெல்லாம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தொட்டியை மங்கலாக்கி, அருவியின் ஓசையைச் சேர்த்திருந்தார்கள். சரசு எனக்குப் போன் போட்டு, “ஏனுங்க சிஸ்டர், என்ர தொட்டியை அருவின்னு காட்டிப்போட்டாங்களே! சொந்தக்காரங்க எல்லாம் ஊட்டுக்கு அருவி பாக்க வரட்டுமான்னு கேக்கறாங்க!” என்றார். அடுத்த நிகழ்ச்சிக்குத் தயாரிப்பு நிர்வாகி என்னைக் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்ததுக்கு அந்த இயக்குநரே கூப்பிட்டார். படப்பிடிப்பைப் பற்றி எதுவும் சொல்வதற்கு முன், “நீங்களும் கட் சொல்லலாம் சிஸ்டர்” என்றார். ஒத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஆட்டையாம்பட்டியில் ஒரு திருவிழா. கந்தவேல் வந்தே ஆக வேண்டும் என்று அழைத்திருந்தார். சாயங்காலம் நானும் என் வீட்டுக்காரரும் போய் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். எல்லாக் குரலையும் செய்து முடித்துவிட்டு, “இப்ப ஒரு புதுக் குரலுங்க” என்றார். கையைத் தூக்கினார்.

“நிறுத்துங்க! யாரும் சிரிக்காதீங்க! இது நடிப்பு இல்ல!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என் வீட்டுக்காரர் என் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தக் குரல் நடுங்கியது. ‘நிறுத்துங்க’ என்பது பாதியில் உடைந்து, ‘சிரிக்காதீங்க’ என்பது கிட்டத்தட்ட அழுகையாக வந்தது. அன்றைக்கு நான் இரும்பு மாதிரி கத்தினேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியும் வைத்திருந்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், “அந்த நடுக்கம் நீங்க சேத்துக்கிட்டதா?” என்று கேட்டேன்.

“நான் எதுக்குங்க சேக்கறேன்?” என்றார் கந்தவேல். “அந்தக் கல்லு, பாறை, தொட்டி, ஒண்ணுமே எனக்கு ஞாபகத்துல இல்லைங்க சிஸ்டர். அந்தக் குரல் மட்டுந்தான் இருக்குது. ஆரோ எனக்காகப் பயப்படறாங்கன்னு தெரிஞ்சுது.”

ஆகவே பிள்ளைகளே, உள்ளே நுழைகிறபோது உங்கள் குரல் நடுங்கும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சத்தமாக நடுங்கினால் போதும்.